ஒலி அலையால் உலோக வினையூக்கித் துகள்கள்: மலைப்பகுதி ஆய்வகங்களுக்கான கேள்வி பதில்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்டாகவோ ஆராய்ச்சியாகவோ சோனிகேட்டரை (திரவத்துக்குள் மீயொலி செலுத்தும் கருவியை) வைத்து வினையூக்கி செய்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சமவெளியில் எழுதிய செய்முறையை 2,000 மீட்டர் உயரத்தில் அப்படியே செய்தால் சில இடங்களில் இடறும். அந்த இடங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

ஒலி உலோகத்தை உடைத்துப் பொடியாக்குகிறதா?

பெரும்பாலும் இல்லை. கரைசலில் இருக்கும் உலோக உப்பை ஒடுக்கி (அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கி), அணு அணுவாகத் துகளை வளர்ப்பதுதான் வழக்கமான முறை. ஒலி நேரடியாக எந்த மூலக்கூறையும் தொடுவதில்லை. எல்லா வேலையும் குமிழி வழியாகவே நடக்கிறது. ஒலி அலையின் தாழ்வழுத்தக் கட்டத்தில் கரைந்த வாயுவைப் பற்றிக்கொண்டு நுண்குமிழிகள் பிறக்கும். சில சுற்றுகள் பெருத்து, உயரழுத்தக் கட்டத்தில் நசுங்கும். அந்தக் கணத்தில் குமிழிக்குள் சுமார் 5,000 கெல்வின் வெப்பமும் பல நூறு வளிமண்டல அழுத்தமும் உண்டாகும். அது மைக்ரோ செகண்டுக்கும் குறைவான நேரமே நீடிப்பதால் சுற்றியுள்ள திரவம் குளிர்ச்சியாகவே இருக்கும்.

இலினாய் பல்கலைக்கழகத்தின் கென்னத் சஸ்லிக் குழு 1991-ல் இரும்பு பென்டாகார்பனைலை டெக்கேன் என்ற கரைப்பானில் கரைத்து 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி செலுத்தியபோது, படிக ஒழுங்கே இல்லாத இரும்புத் தூள் கிடைத்தது. குமிழியின் வெப்பம் வினாடிக்கு ஆயிரம் கோடி டிகிரிக்கும் மேலான வேகத்தில் தணிவதால் அணுக்களுக்கு வரிசை கட்ட நேரமிருப்பதில்லை. இந்தச் சோதனையைக் கல்லூரியில் திரும்பச் செய்ய நினைக்க வேண்டாம். உலோகக் கார்பனைல்கள் ஆவியாகும் கொடிய நஞ்சு. நிக்கல் கார்பனைல் அதிலும் மோசம்.

தண்ணீரில் செய்யும்போது உலோகத்தை ஒடுக்குவது எது?

குமிழிக்குள் நீராவி பிளந்து ஹைட்ரஜன் ரேடிக்கலும் ஹைட்ராக்சில் ரேடிக்கலும் (இணையில்லாத எலக்ட்ரானோடு துடிப்பாக வினைபுரியும் துண்டுகள்) உருவாகின்றன. முதலாவது உலோக அயனியை ஒடுக்கும். இரண்டாவது அதற்கு நேர்எதிர் வேலை செய்யும். அதனால்தான் கொஞ்சம் ஐசோபுரோப்பனால் சேர்க்கிறோம். அது ஹைட்ராக்சிலைப் பிடித்துத் தானே ஒடுக்கும் ரேடிக்கலாக மாறிவிடும்.

100 மில்லிக்கு 0.2 மில்லி போதும். தாராளமாக ஊற்றினால் ஆல்கஹால் ஆவி குமிழிக்குள் புகுந்து வெப்பத்தை விழுங்கிவிடும். தங்கம், வெள்ளி, பல்லேடியம், பிளாட்டினம் ஆகியவை இந்த வழிக்கு எளிதில் இணங்கும். நிக்கல், கோபால்ட், இரும்பு இணங்குவதில்லை. அவற்றுக்குத் தனியாக ஒடுக்கி வேண்டும்.

எங்களிடம் கண்ணாடிச் சாமான் கழுவும் 40 கிலோஹெர்ட்ஸ் பாத் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

துகள்கள் திரண்டுபோகாமல் பிரித்து வைக்க, சப்போர்ட்டின் (துகள்களைத் தாங்கும் பொருளின்) துளைகளுக்குள் கரைசலைச் செலுத்த, அது போதும். ஒலியால் மட்டுமே உலோகத்தை ஒடுக்க அது போதாது.

20 கிலோஹெர்ட்ஸ் ப்ரோப்பும் (திரவத்துக்குள் நேராக இறக்கும் அதிரும் தண்டு) அந்த விஷயத்தில் சுமார்தான். குறைந்த அதிர்வெண்ணில் குமிழி பெரிது, நசுங்கும்போது கிளம்பும் நீர்த்தாரையும் அதிர்ச்சி அலையும் பலம், ஆனால் ரேடிக்கல் உற்பத்தி குறைவு. 200 முதல் 400 கிலோஹெர்ட்ஸ் வரம்பில்தான் ரேடிக்கல் அதிகம். ஒகிட்சு, அசோக்குமார், கிரீசர் மூவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் 20 முதல் 1,062 கிலோஹெர்ட்ஸ் வரை ஒப்பிட்டபோது, தங்கம் மிக வேகமாக ஒடுங்கியதும் மிகச் சிறிய துகள் வந்ததும் 213 கிலோஹெர்ட்ஸில். அப்படிப்பட்ட கருவி இல்லாத இடத்தில் ஒடுக்கத்தைச் சோடியம் போரோஹைட்ரைடு என்ற ஒடுக்கியிடம் விட்டுவிட்டு, கலக்குவதையும் பிரிப்பதையும் ப்ரோப்பிடம் கொடுப்பதே விவேகம். கீழே உள்ள செய்முறை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

பாத்தை வைத்துத்தான் செய்தாக வேண்டும் என்றால், முதலில் சமையலறை அலுமினியத் தாளை வெட்டி நீருக்குள் செங்குத்தாக 30 வினாடி பிடியுங்கள். தாள் பொத்தலாகும் உயரங்களும் பொத்தலே விழாத உயரங்களும் பட்டை பட்டையாகத் தெரியும். நீரில் 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 37 மில்லிமீட்டர். கால் அலை 9 மில்லிமீட்டர்தான். பிளாஸ்க்கை ஒரு சென்டிமீட்டர் ஏற்றி இறக்கினாலே பலமான இடத்திலிருந்து செத்த இடத்துக்குப் போய்விடலாம். நல்ல உயரம் தெரிந்ததும் நீர்மட்டத்துக்குத் தொட்டியில் கோடு போட்டுவிடுங்கள். உருண்டை அடி பிளாஸ்க்கைவிடத் தட்டை அடி கோனிக்கல் பிளாஸ்க் நல்லது.

மலை உயரம் உண்மையிலேயே முடிவை மாற்றுமா?

மாற்றும், ஆனால் பலர் பயப்படும் திசையில் அல்ல. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130, குன்னூர் 1,850. ஊட்டியில் காற்றழுத்தம் ஏறத்தாழ 77 கிலோபாஸ்கல், கடல்மட்டத்தில் 101. வெளியழுத்தம் குறைந்தால் குமிழி பிறப்பது எளிது. ஆனால் குமிழியை நசுக்குவது வெளியழுத்தமும் ஒலியழுத்தமும் சேர்ந்துதான் என்பதால் நசுங்கும் வேகம் கொஞ்சம் மட்டுப்படும்.

இந்த இழப்பைக் குளிர் ஈடுகட்டுகிறது. 30 டிகிரியில் நீராவி அழுத்தம் 4.2 கிலோபாஸ்கல், 10 டிகிரியில் 1.2. குமிழிக்குள் நீராவி குறைந்தால் அது மெத்தை போலத் தாங்காது, நசுங்கல் கடுமையாகும். சென்னையில் ஐஸ் கட்டி வாங்கிப் போட்டுப் பெறும் நிலையை, டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக் குழாய்த் தண்ணீரை ஜாக்கெட்டில் (பாத்திரத்தைச் சுற்றிய நீருறையில்) ஓடவிட்டே பெறலாம்.

கரைந்த வாயுவிலும் இதே கதை. அழுத்தம் குறைவதால் கரைவது குறையும், குளிரால் கூடும். 30 டிகிரியில் கடல்மட்டத்து நீர் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் ஏற்கும். 15 டிகிரியில் ஊட்டி நீரும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

உண்மையான தொந்தரவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ‘100 டிகிரி வாட்டர் பாத்’ என்று செய்முறையில் இருந்தால் எண்ணெய் பாத்துக்கு மாறுங்கள். வேக்குவம் ஓவனின் (வெற்றிட உலர்த்தியின்) கேஜ் 760-ஐத் தொடவே தொடாது. அங்கே வளிமண்டலமே சுமார் 580 மில்லிமீட்டர் பாதரசம்தான்; 570 காட்டினால் பம்ப் நன்றாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம். இது புரியாமல் நல்ல பம்பைக் கழற்றி ரிப்பேருக்குக் கோவைக்கு அனுப்புவது வழக்கமாக நடக்கிறது.

‘750 வாட், 40 சதவீதம்’ என்று ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. எங்கள் மெஷினிலும் 40 வைத்தால் ஒன்றுதானே?

இல்லை. அந்தச் சதவீதம் ப்ரோப் முனை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதற்கானது; 750 வாட் என்பது ஜெனரேட்டர் தரக்கூடிய உச்சம். திரவத்துக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும், அளப்பதும் சுலபம்.

100 மில்லி காய்ச்சி வடித்த நீரைத் தெர்மோகோல் உறையில் வைத்த பீக்கரில் எடுத்து, குளிரூட்டாமல், பல்ஸ் (விட்டு விட்டு ஓடுவது) இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறினால் 7 வாட். நான்கு டிகிரி ஏறினால் 28 வாட், அதாவது மில்லிக்கு 0.28 வாட். நோட்டில் எழுத வேண்டிய எண் இதுதான். இது இல்லாத செய்முறையை இன்னொருவர் திரும்பச் செய்ய வழியே இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. முனை தேயத் தேய இந்த எண் இறங்கும். மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

அலுமினா மீது ஒரு சதவீதப் பல்லேடியம்: முழுச் செய்முறை சொல்ல முடியுமா?

முதலில் இருப்புக் கரைசல். பல்லேடியம் குளோரைடு வெறும் நீரில் கரையாது. 0.177 கிராமை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லியில் போட்டு, 60 டிகிரியில் கலக்கியபடி அடியில் ஒரு துகளும் இல்லாமல் தெளிந்த பழுப்பாகும் வரை விடுங்கள். ஆறியதும் 100 மில்லியாக்கினால் 10 மில்லிமோலார். அம்பர் பாட்டிலில் வைக்கவும்.

காமா அலுமினாவை 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) ஆறவிட்டு, 1.05 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். மூடுபனிக் காலத்தில் தராசுத் தட்டில் இருக்கும்போதே எடை ஏறிக்கொண்டே போகும். அது ஈரம் உறிஞ்சுவது. எண் நிற்கும் என்று காத்திருக்காதீர்கள்.

உயரமான, ஒடுக்கமான 150 மில்லி பீக்கரில் 87 மில்லி வடிநீரும் அலுமினாவும் போட்டு, ப்ரோப்பால் ஐந்து நிமிடம் கலைத்துவிடுங்கள். 13 மில்லிமீட்டர் முனை இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் ஆழம் இறங்கி, நடுவில், கண்ணாடியைத் தொடாமல் நிற்க வேண்டும். பிறகு 10 மில்லி இருப்புக் கரைசலைச் சேர்த்து, பிஎச் 5-க்கும் 6-க்கும் இடையே வரும்படி நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடை சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த வரம்பில் அலுமினாப் பரப்பு நேர்மின் சுமையோடு இருக்கும். எதிர்மின் சுமையுள்ள பல்லேடியம் குளோரோ அயனி போய் ஒட்டிக்கொள்ளும். பிஎச் 8-ஐத் தாண்டினால் ஒட்டாது. பல்லேடியம் ஹைட்ராக்சைடு தனியாகப் பழுப்புச் சேறாக இறங்கும்.

அரை மணி நேரம் காந்தக் கலக்கியில் சுற்றவிட்டு, கொஞ்சம் எடுத்துத் தெளியவையுங்கள். மேல்நீர் நிறமற்று, தூள் வெளிர்மஞ்சளாக இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

இப்போது ஆர்கானை 15 நிமிடம் நிமிடத்துக்கு 100 மில்லி வீதம் உள்ளே விடுங்கள். ஜாக்கெட்டில் 10 டிகிரி நீர் ஓடட்டும். 30 மில்லிகிராம் சோடியம் போரோஹைட்ரைடை 3 மில்லி ஐஸ் நீரில் கரைத்து, உடனே, பத்து நிமிடம் பரவலாகச் சொட்டுங்கள். ப்ரோப் 5 வினாடி ஓடி 5 வினாடி நிற்கும் பல்ஸில், முன்னே அளந்த மில்லிக்கு 0.25 முதல் 0.3 வாட்டில் இயங்கட்டும். சொட்டு, ப்ரோப் முனைக்கு அடியில் நீர்த்தாரை கிளம்பும் இடத்தில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் அங்கேயே கறுத்துத் திரண்டுவிடும். மஞ்சள் சாம்பலாகி, இரண்டு மூன்று நிமிடத்தில் கருஞ்சாம்பலாகும். சொட்டி முடித்த பின் இன்னும் 20 நிமிடம் ஓட்டுங்கள்.

ஹைட்ரஜன் வெளியேறும் என்பதை மறக்க வேண்டாம். அந்த 30 மில்லிகிராம் முழுதும் சிதைந்தால் சமவெளியில் ஏறத்தாழ 80 மில்லி வாயு வரும். ஊட்டியில் அதே அளவு வாயு 100 மில்லி இடம் பிடிக்கும். பாத்திரத்தை இறுக மூடாதீர்கள். ஃப்யூம் ஹூட் (வாயுவை வெளியே இழுக்கும் கூண்டு) ஓடிக்கொண்டே இருக்கட்டும், பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது.

கடைசியாக, சென்ட்ரிஃப்யூஜில் பிரித்து வடிநீரால் கழுவுங்கள். கழுவிய நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்கலங்கல் வராமல் போகும் வரை, சாதாரணமாக நான்கைந்து முறை, திரும்பக் கழுவ வேண்டியிருக்கும்.

ஏன் எங்களுக்குக் கட்டி கட்டியாக வருகிறது?

அநேகமாகப் போரோஹைட்ரைடை ஒரேயடியாக ஊற்றியிருப்பீர்கள், அல்லது கரைத்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்திருப்பீர்கள். கரைத்த நிமிடத்திலிருந்து அது சிதையத் தொடங்கும். புட்டியும் ஒரு காரணம்: மழைமாதங்களில் திறந்து திறந்து மூடிய போரோஹைட்ரைடு ஈரம் இழுத்துக் கெட்டிப்பட்டிருக்கும், எடையில் பாதி போரேட்டாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. 10 கிராம் சிறு புட்டிகளாக வாங்கி டெசிகேட்டரில் வையுங்கள்.

நடுவில் கரண்ட் போனாலும் இதுதான் கதி. சொட்டும் பத்து நிமிடத்தில் ப்ரோப் நின்று, ஒடுக்கி மட்டும் வேலை செய்தால், ஏற்கெனவே இருக்கும் துகள் மீது புதியவை ஏறிப் பெருக்கும். யுபிஎஸ் இல்லையென்றால் மின்சாரம் நின்றதும் சொட்டுவதையும் நிறுத்துங்கள்.

ப்ரோப் கிறீச்சிட்டு, திரவம் நுரைத்துப் பால்போல ஆனால் முனை மேலே வந்துவிட்டது என்று பொருள். காற்றை உறிஞ்சி நுரை கட்டினால் ஒலி உள்ளே இறங்காது. இன்னும் ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்துங்கள். பீக்கர் சுவரில் கண்ணாடிபோல உலோகம் படிந்தால் பாத்திரம் சுத்தமில்லை. கீறல் விழுந்த பழைய பீக்கரை இதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

வடிகட்டியில் சாம்பல் நிறத் தூள் கூடுதலாகத் தெரிகிறது. அது என்ன?

டைட்டானியம். ப்ரோப் முனை டைட்டானியக் கலப்புலோகத்தால் ஆனது. குமிழிகள் அதையும் அரிக்கும். முனையை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: பளபளப்பு போய், நடுவில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் இருந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது. மெல்லிய உப்புத்தாளால் சமப்படுத்தலாம், அதற்கும் எல்லை உண்டு. குழி ஆழமாகிவிட்டால் முனையை மாற்றத்தான் வேண்டும். வெறும் நீரில் அரை மணி ஓட்டி வடிகட்டி நிறுத்தால், எத்தனை மில்லிகிராம் உங்கள் வினையூக்கியில் கலக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஆர்கான் இல்லாமல் செய்யலாமா? சிலிண்டர் மேலே வர நாளாகிறது.

போரோஹைட்ரைடு முறையில் செய்யலாம், கொஞ்சம் மோசமாக வரும். ஒலியால் மட்டுமே ஒடுக்கும் முறையில் கூடாது. ஆர்கான் ஓரணு வாயு, நசுங்கும்போது அதிகம் சூடாகும். வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. காற்று இருந்தால் ஆக்சிஜன் ரேடிக்கல்களைத் தின்னும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரைட், நைட்ரேட் ஆகி பிஎச்சை இறக்கும். கார்பன் டைஆக்சைடு குமிழியின் வீரியத்தையே அணைத்துவிடும்.

ஒரு 7 கனமீட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 100 மில்லி வீதம் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வரும். மண்சரிவில் மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் வேலை நிற்காதபடி, மழைக்கு முன்பே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பல்லேடியம் கட்டுப்படியாகவில்லை. நிக்கல்?

இங்கே ஒலி வேறு வேலை செய்கிறது. சஸ்லிக்கும் கசடோன்டேயும் 1987-ல் சாதாரண நிக்கல் தூளை ஒலிக்கு உட்படுத்தியபோது, ஆல்கீன்களை ஹைட்ரஜனேற்றும் திறன் லட்சம் மடங்குக்கு மேல் கூடியது. காரணம், துகள்கள் ஒன்றோடொன்று மோதி மேலே மூடியிருந்த ஆக்சைடு தோல் உரிந்ததுதான். சில மைக்ரான் அளவுள்ள தூளை ஆர்கான் சூழலில், நீரில்லாத கரைப்பானில் ஒரு மணி நேரம் ஓட்டி, காற்றே படாமல் நேராக வினைக்குள் விட வேண்டும். திறந்து வைத்தால் பழைய தோல் திரும்ப வந்துவிடும், சில வேளை தீப்பொறியோடு. நிக்கல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

துகள் அளவை எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்கதிர் விளிம்பு விளைவுக் கருவியில்) கண்டுபிடிக்கலாமா?

ஒரு சதவீத மாதிரியில் முடியாது. பல்லேடியத்தின் முக்கியச் சிகரம் 40.1 டிகிரியில் வரும். காமா அலுமினாவுக்கு அதற்கு அருகிலேயே அகலமான மேடு இருக்கிறது. 5 நானோமீட்டர் துகளின் சிகரமே 1.7 டிகிரி அகலம் என்பதால் அது அந்த மேட்டில் மூழ்கிப்போகும். சிகரம் இல்லையென்பதைக் காட்டி ‘துகள் மிகச் சிறியது’ என்று எழுதுவதை வைவாவில் யாராவது பிடித்துவிடுவார்கள். கோவைக்கு டிஇஎம்முக்கு (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு) அனுப்புவதே வழி. அதுவும் ஒரு நல்ல படத்தை நம்பாமல், வெவ்வேறு இடங்களில் குறைந்தது 200 துகளை அளந்து பரவலைக் கொடுங்கள்.

கையிலிருக்கும் யுவி கருவியிலேயே வேலைத்திறனைச் சோதிக்க முடியுமா?

முடியும். 4-நைட்ரோபீனால் எவ்வளவு வேகமாக அமினோபீனாலாக ஒடுங்குகிறது என்று பார்க்கும் சோதனை இது. 4-நைட்ரோபீனால் 0.1 மில்லிமோலார் கரைசல் 2.5 மில்லியோடு, புதிதாகக் கரைத்த 50 மில்லிமோலார் போரோஹைட்ரைடு 0.5 மில்லியைக் கலக்குங்கள். நிறம் கடுமஞ்சளாகி 400 நானோமீட்டரில் சிகரம் நிற்கும். மில்லிக்கு ஒரு மில்லிகிராம் வினையூக்கி கலந்த கூழில் 20 மைக்ரோலிட்டர் விட்டதும் அது சரியத் தொடங்கி, 300-ல் அமினோபீனால் சிகரம் எழும். உறிஞ்சல் மதிப்பின் லாகரிதத்தை நேரத்தோடு வரைந்தால் நேர்கோடு; சரிவே வேக மாறிலி. மூன்று முதல் பத்து நிமிடத்தில் முடியும்படி வினையூக்கி அளவைக் கூட்டிக் குறையுங்கள். க்யூவெட்டில் ஹைட்ரஜன் குமிழி ஒட்டிக்கொண்டு கோடு துள்ளும். அளவெடுக்கும் முன் மெல்லத் தட்டிவிடுங்கள்.

அதோடு ஒரு ஒப்பீடும் கட்டாயம்: இதே அளவுகள், இதே வெப்பநிலை, ப்ரோப்புக்குப் பதில் காந்தக் கலக்கி. அந்த மாதிரியும் அதே வேக மாறிலியைக் கொடுத்தால், ஒலி உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. இந்த ஒப்பீடு இல்லாத அறிக்கைகள் நிறைய இருப்பது வருத்தமான விஷயம்.

உலர்த்திச் சேமிப்பது எப்படி?

60 டிகிரியில், வேக்குவத்தில். கரி மீது ஏற்றிய பல்லேடியத்தை மட்டும் முழுக்க உலர்த்தாதீர்கள். எடையில் பாதி நீர் இருக்கும் ஈரத்திலேயே வையுங்கள். உலர்ந்த தூள் மெத்தனால் ஆவி பட்ட மாத்திரத்தில் தீப்பிடிக்கும். வடிகட்டும்போது காற்றை இழுத்துக்கொண்டே விடுவதும் அதே ஆபத்து.

சத்தம்?

காதுக்கவசம் போடுங்கள். 20 கிலோஹெர்ட்ஸ் கேட்காவிட்டாலும் குமிழிகள் எழுப்பும் இரைச்சல் கேட்கும் வரம்பில்தான் இருக்கிறது.

மிச்சக் கரைசலை என்ன செய்வது?

சிங்க்கில் ஊற்றக் கூடாது. நீலகிரி ஓடைகள் மாயாற்றிலும் பவானியிலும் போய்ச் சேருகின்றன. கீழே அதைத்தான் குடிக்கிறார்கள். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டும் அதன் பாதரசம் மண்ணில் தங்கிய விவகாரம் எல்லோருக்கும் தெரியும்.

மீதமான போரோஹைட்ரைடை முதலில் ஹூட்டுக்குள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை மெதுவாக விட்டுச் சிதைத்துவிடுங்கள். பல்லேடியக் கழிவை, வடிதாள் உட்பட, தனிப் புட்டியில் நீருக்கடியில் சேர்த்து வையுங்கள். அதை மீட்டெடுக்கக் காசு கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நிக்கல் கரைசலை பிஎச் 10-க்கு ஏற்றினால் பச்சை ஹைட்ராக்சைடாக இறங்கும். ஓரிரவு தெளியவிட்டு, சேற்றைப் பெயர் ஒட்டிய டப்பாவில் அடைத்து, அங்கீகாரம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். மேல்நீரை, நிக்கல் இருந்தால் சிவக்கும் டைமெத்தில்கிளையாக்சைமால் சோதித்து, ரோஜாச் சிவப்பு வராமல் இருந்தால் மட்டுமே நடுநிலையாக்கி வெளியேற்றலாம்.